பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூக்கிறது, பெயின்ட் அடித்தால் நிற்குமா?

3 செப்டம்பர் 2023, கேள்வி

தாத்தா கட்டிய வீடு, எண்பது வருடம் இருக்கும். கொல்லைப்பக்க அறையில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சுவர் எப்போதும் சில்லென்று இருக்கிறது. வெள்ளையாக உப்புப் பூக்கிறது. புட்டி அப்பளம் மாதிரி எழும்பி விழுகிறது. ஓதம் தாங்கும் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் போதும் என்கிறார் கடைக்காரர். தீபாவளிக்குள் முடிக்க வேண்டும். அடிக்கலாமா?

3 செப்டம்பர் 2023, இரவு

அடிக்காதீர்கள். நான் அடித்தேன்.

எங்கள் வீடு கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில். முகப்புச் சுதையில் 1936 என்று இருக்கிறது. 2019-ல் பின்கட்டு அறையில் இதே கதை. ஓர் ஒப்பந்தக்காரரைப் பிடித்து, பழைய காரையை நாலடிக்குக் கொத்தி எடுத்து, சிமென்ட் பூசி, அதன்மேல் நீங்கள் சொல்லும் அதே வகைப் பெயின்டை அடித்தோம். முப்பத்தெட்டாயிரம் ரூபாய். ஒரு வருடம் சுவர் பளிங்கு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் அழைத்துப் போய்க் காட்டினேன். 2021 மழைக்கு அப்புறம் பார்த்தால், சிமென்ட் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே, ஐந்தடி உயரத்தில், அதுவரை ஒரு வம்புக்கும் போகாத பழைய காரை உதிர ஆரம்பித்திருக்கிறது.

பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மண்ணிலிருந்து ஈரத்தை இழுக்கும், காரை வழியாக வெளியே விடும். இழுப்பதும் விடுவதும் சரிசமமாகும் உயரத்தில் ஓதம் நின்றுவிடும். விடுகிற வழியைச் சிமென்ட் போட்டு அடைத்தால் அது இன்னும் மேலே ஏறி வழி தேடும். நான் செய்தது அவ்வளவுதான், ஓதத்துக்கு ஏணி வைத்துக் கொடுத்தேன்.

5 செப்டம்பர் 2023

உப்பு என்றால் சமையல் உப்பா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நக்கிப் பார்த்ததாகவும் சொல்கிறார். தயவுசெய்து வேண்டாம். மண்ணிலும் செங்கல்லிலும் கரைந்திருக்கும் பல உப்புகள் தண்ணீரோடு மேலே வந்து, தண்ணீர் காய்ந்ததும் பூச்சின் மேல் படிகமாக நிற்கும். படிகம் வளரும்போது இடம் போதாமல் காரையைப் பிளந்து தள்ளும். உதிர்வதற்கு அதுதான் காரணம்.

எங்கள் பின்கட்டு அறை தாத்தா காலத்தில் மாட்டுக்கொட்டகை. பசு மூத்திரம் ஊறிய மண்ணில் வெடியுப்பு நிறைய இருக்கும். அந்தக் காலத்தில் தொழுவ மண்ணிலிருந்து வெடியுப்பு காய்ச்சி எடுத்திருக்கிறார்கள். ஆக நான் தூங்கும் அறையின் சுவரில் பட்டாசுச் சரக்கு பூத்துக்கொண்டிருக்கிறது.

உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போகும். காய்ந்த துடைப்பத்தால் தட்டி, கீழே சாக்கு விரித்து அள்ளி, வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

17 செப்டம்பர் 2023

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு என் வீட்டுச் சிமென்டை வைத்துக்கொண்டிருப்பது நன்றாக இல்லை. இந்த ஞாயிறு ஆரம்பித்துவிட்டேன். உளி, இரண்டு கிலோ சுத்தியல், மூக்கில் துண்டு.

சிமென்ட் தனியாக வராது என்பதை யாரும் சொல்லவில்லை. ஓங்கி அடித்தால் செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வருகிறது. உளியை நேராக வைக்காமல் ஏறக்குறைய சுவரோடு படுக்க வைத்து, ஓரத்திலிருந்து நெம்பினால் தட்டுத்தட்டாகக் கழல்கிறது. காலை ஏழிலிருந்து ஒரு மணிவரை வேலை செய்தும் ஒரு கதவு அளவுகூட முடியவில்லை.

ஜன்னலுக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்கு ஒப்பந்தக்காரர் பழைய காரையைக் கொத்தாமல் அதன் மேலேயே சிமென்டைப் பூசியிருக்கிறார். நாலு வருடம் கழித்து அந்தப் பழைய பூச்சைப் பார்த்தேன். வெள்ளையில் நீலம் கொஞ்சம் தூக்கலான அந்த நிறம், அதில் பென்சிலால் எழுதிய கணக்கு. நெல் மூட்டைக் கணக்கு என்று அம்மா சொன்னார். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

18 செப்டம்பர் 2023

முதுகு.

1 அக்டோபர் 2023

சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். வெள்ளையடிக்க விற்கும் பாக்கெட் தூள் பூச்சுக்கு ஆகாது. காளவாயில் சுட்ட கல் சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ கட்டியாக வாங்கி, நாமே நீற்ற வேண்டும். கட்டியைத் தொட்டியில் போட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் புகை கிளம்பித் தளதளவென்று கொதிக்கும்.

அந்தக் கொதி எவ்வளவு என்று எனக்கு ஏட்டளவில்தான் தெரியும். பிளாஸ்டிக் டிரம்மில் நீற்றினேன். பத்து நிமிடத்தில் டிரம்மின் ஒரு பக்கம் தொப்பை போட்டது. இன்னும் ஐந்து நிமிடத்தில் தொப்பை வெடித்து, நாற்பது லிட்டர் சுண்ணாம்புப் பால் கிணற்றடி வழியாகக் கீரைப் பாத்திக்குள் போனது. முளைக்கீரை அத்தனையும் வெந்துவிட்டது. 'பருப்பு மட்டும் போட்டால் கூட்டு' என்றார் அம்மா.

4 அக்டோபர் 2023

மேலே எழுதியதில் ஒரு தப்பு, முக்கியமான தப்பு. சுண்ணாம்புக் கட்டியின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீரை முதலில் நிரப்பிக்கொண்டு, அதில் கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மேலே ஊற்றினால் கொஞ்சத் தண்ணீரில் அதிகச் சூடு கிளம்பித் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி, கையுறை இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். இரும்பு டிரம் அல்லது செங்கல் தொட்டி.

என் டிரம் உருகியதற்குக் காரணம் பிளாஸ்டிக் மட்டும் இல்லை, நான் ஊற்றிய முறையும்தான்.

22 அக்டோபர் 2023

சுவர் மொத்தமும் உரித்தாகிவிட்டது. உடனே பூசக் கூடாது, காய விட வேண்டும். கனமான சுவர் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். எங்கள் சுவர் ஒன்றரையடி. அந்தக் கணக்கை மதித்தால் 2025-ல் பூச வேண்டும். மதிக்கப்போவதில்லை.

ஒரு வேலை மட்டும் செய்தேன். ஈரம் எதுவரை கறுத்துத் தெரிகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். இன்றைய கோடு நாலடி இரண்டு அங்குலம். தாத்தா நெல் மூட்டை எழுதிய சுவரில் நான் ஓதத்தை எழுதுகிறேன்.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருப்பதைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். கிள்ளி எறிவது வீண், வேர் உள்ளே இருந்தால் மறுபடி வரும். எங்கள் வீட்டில் பத்து வருடம் கிள்ளினோம், அது உள்ளுக்குள் தடித்துக்கொண்டே போனது. கடைசியில் நாலு செங்கல்லைக் கழற்றி, விரல் பருமன் வேரை முழுசாக இழுத்தெடுத்து, சுண்ணாம்புச் சாந்தில் கல்லைத் திரும்ப வைத்தோம். மழைக்கு முன்னால் செய்யுங்கள். மாடி மட்ராஸ் டெரஸ் என்றால் இன்னும் அவசரம். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டு இடித்து, தட்டோடு பதித்த தளம் அது. வேர் வழியாகத் தண்ணீர் இறங்கினால் முதலில் உளுத்துப்போவது சுவருக்குள் செருகியிருக்கும் கட்டையின் நுனி, கண்ணுக்கே தெரியாத இடம்.

15 ஜனவரி 2024

பொங்கலுக்கு வெள்ளையடித்தோம், முன்கட்டு மட்டும். பெயின்ட் பிரஷ் வேண்டாம், தாழை விழுதை நறுக்கி நுனியை நசுக்கித் தட்டினால் கிடைக்கும் மட்டைதான் சுண்ணாம்புக்குச் சரி என்று அம்மா அடம் பிடித்தார். வாய்க்கால் ஓரம் போய் வெட்டி வந்தேன். உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, சுண்ணாம்பை நிறையக் குடித்து ஒரே சீராக விடுகிறது. கையில் ஒட்டாமல் இருக்க வடிகஞ்சி கலந்தோம்.

நீலம் கொஞ்சம் கூடிவிட்டது. ஈரத்தில் பார்த்தபோது சரியாக இருந்தது, காய்ந்ததும் அரசு ஆஸ்பத்திரி.

10 மார்ச் 2024

பூச்சு முடிந்தது. நானே பூசுவதாகத்தான் எண்ணம். இரண்டு நாள் பூசினேன், மூன்றாம் நாள் காலையில் அது தரையில் கிடந்தது. அப்புறம் பக்கத்து ஊரில் எழுபது வயசுக் கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தேன், கோயில் திருப்பணி வேலை பார்த்தவர். என்னை முட்டாளாக நடத்தாமல், ஆனால் முட்டாளுக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்று மணல் இரண்டரைப் பங்கு. முதல் பூச்சில் மணலில் கொஞ்சத்தைக் குறைத்து அந்த அளவுக்குச் செங்கல் தூள். கலக்கத் தண்ணீருக்குப் பதில் கடுக்காய்த் தண்ணீர், அதாவது கடுக்காயை நசுக்கிக் கருப்பட்டியோடு பத்து நாள் ஊறப்போட்டு வடித்தது. கள் வாசனை அடிக்கும். இனிப்பு சேர்ந்தால் சுண்ணாம்பு கூடுதலாகக் கரைந்து மணலை இறுக்கிப் பிடிக்கும். பிறகு மாதக்கணக்கில் காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகும். அவசரப்படுத்தினால் வெடிக்கும்.

என் பூச்சு விழுந்ததற்கு அவர் சொன்ன காரணம் ஒரே வரி: 'தாகமா இருக்கிற சுவத்துல பூசிட்டீங்க தம்பி.' சாந்திலிருந்த தண்ணீரைச் செங்கல் உறிஞ்சிக்கொண்டதால் சாந்து பிடிக்கவே இல்லை. காய வைக்க ஐந்து மாதம் காத்திருந்த சுவரை, பூசுவதற்கு முந்தின நாள் சாயங்காலமும் அன்று காலையும் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டுமாம். கேட்டபோது எனக்கு அழுகையே வந்தது. ஆனால் அது வேறு ஈரம், இது வேறு ஈரம். தெளிப்பது மேலோடு நின்று இரண்டு நாளில் போய்விடும்.

அரை அங்குலமாக இரண்டு பூச்சு, நடுவில் ஒரு வாரம். மணியாஸ்கட்டையால் அழுத்தித் தேய்த்து, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம். கருப்பட்டி வாசனைக்கு எறும்பு வரிசையாகச் சுவரில் ஏறியது. 'அதுங்களுக்குப் புடிச்சிருக்குன்னா கலவை சரி' என்றார் கொத்தனார். இது உண்மையா, என்னைச் சீண்டினாரா, தெரியவில்லை.

26 மே 2024

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கொல்லைப்பக்கச் சுவரில் மறுபடி ஓதம்.

அறை முழுக்க இல்லை. மற்ற மூன்று சுவரும் வறண்டு, தட்டினால் டங் என்கிறது. கொல்லைப்பக்கச் சுவரில் மட்டும், நடுவில் எட்டடி அகலத்துக்கு, இரண்டடி எட்டு அங்குல உயரம்வரை. கோடு போட்டுத் தேதி எழுதியாகிவிட்டது.

எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. நாங்கள் ஆற்றுப் பாசன ஊர். மேட்டூரில் ஜூன் 12 வாக்கில் திறந்தால் கொஞ்ச நாளில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும், கிணற்று மட்டம் உயரும். நிலத்தடி நீர் ஏறுவதால்தான் சுவரில் ஓதம். காவிரியோடு சண்டை போட முடியாது, இதோடு வாழப் பழக வேண்டியதுதான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன்.

27 மே 2024

'மே மாதத்தில் காவிரி எங்கே ஐயா வந்தது' என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். போன வருடத்துத் தண்ணீர் மிச்சம் இருக்கலாம் என்று பதில் எழுதி, எனக்கே சிரிப்பு வந்து அழித்துவிட்டேன்.

20 ஜூன் 2024

இந்த வருடம் அணையில் தண்ணீர் இல்லை, ஜூன் 12 தாண்டியும் திறக்கவில்லை. வாய்க்காலில் ஆடு மேய்கிறது. கிணற்றில் கயிறு பத்தடி கூடுதலாக இறங்குகிறது. கோடு இன்று மூன்றடி. காவிரித் தாயே, மன்னித்துக்கொள்.

30 ஜூன் 2024

கண்டுபிடித்துவிட்டேன். உட்கார்ந்து படியுங்கள்.

காலையில் கொல்லையில் மல்லி பறிக்கப் போனேன். சுவரை ஒட்டி ஒரு பாத்தி இருக்கிறது. 2019-ல் சிமென்ட் வேலை முடிந்த கையோடு நானே கட்டியது. கல்லை அடுக்கி, வண்டல் மண்ணும் எருவும் கொட்டி, நாலு குண்டுமல்லி. கஜா புயலில் கொல்லையில் இரண்டு தென்னை போனதிலிருந்து அம்மாவுக்கு அந்தப் பக்கம் பார்க்கவே மனசு வரவில்லை, அதற்காக வைத்த செடிகள். சொட்டுநீர்க் குழாயும் போட்டேன், தினமும் காலையில் முக்கால் மணி நேரம்.

பாத்தியின் நீளம் எட்டடி.

பூக்கூடையை வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணைத் தோண்டினேன். ஒரு சாண் தள்ளியதும் சுவர் தெரிந்தது. கறுத்து, பாசி பிடித்து, மண்புழு ஒட்டிக்கொண்டு. வீட்டின் பேஸ்மட்டம் தரையிலிருந்து இரண்டடி. நான் கொட்டிய மண் இரண்டேகால் அடி. அதாவது உள்ளே தரை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கும் மூன்று அங்குலம் மேலே ஈர மண்ணை அணைத்து வைத்து, ஐந்து வருடமாகத் தினமும் தண்ணீர் விட்டு வந்திருக்கிறேன். தாத்தா இரண்டடி தூக்கிக் கட்டியதன் அர்த்தத்தையே மூடிவிட்டேன்.

ஒப்பந்தக்காரரை இந்த இழையில் எத்தனை முறை திட்டியிருக்கிறேன் என்று மேலே போய் எண்ணாதீர்கள். சிமென்ட் பூசியது தப்புதான், அதில் மாற்றமில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றியது அவர் இல்லை.

1 ஜூலை 2024

'மல்லியை எடுத்தால் நான் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன்': அம்மா.

7 ஜூலை 2024

அக்காவும் அம்மா பக்கம்தான். இப்போதைக்கு உடன்படிக்கை: சொட்டுநீர் நிறுத்தம், வாரம் மூன்று நாள் சொம்பால் வேரில் மட்டும். சுவரை ஒட்டி ஒன்றரைச் சாண் அகலத்துக்கு மண்ணை எடுத்துவிட்டுக் காற்றுக்கு இடைவெளி. செடிக்குக் கவாத்து காலம்வரை அவகாசம்.

11 ஆகஸ்ட் 2024

இடையில் வேறு கேள்விகள். பழைய சுவரில் ட்ரில் போட்டால் மாவாகக் கொட்டுகிறது, திருகு நிற்கவில்லை என்பவருக்கு: நீங்கள் துளைப்பது சாந்து இணைப்பில். நாலு விரல் தள்ளிச் செங்கல்லில் போடுங்கள். கனமான படச் சட்டம் என்றால் பழைய முறைதான், துளையில் மரக்கட்டையை இறுக்கி அடித்து அதில் ஆணி.

சிவப்பு ஆக்ஸைடு தரையை ஆசிட் ஊற்றிக் கழுவினேன், வெளுத்துவிட்டது என்பவருக்கு: ஆழ்ந்த அனுதாபம். ஆசிட் அந்தத் தரையின் மேல் தோலையே தின்றுவிடும், ஆத்தங்குடிக் கல்லுக்கும் அதே கதிதான். எண்ணெய்த் துணியால் தினமும் துடைத்துத் துடைத்துக் கொஞ்சம் மீட்கலாம். எங்கள் ரேழியில் ஒரு இடம் அப்படி மீண்டது, ஒன்றரை வருடம் ஆனது. அந்த நாட்களில் எண்ணெய் அதிகம் வைத்துவிட்டேன் என்பதை வழுக்கி விழுந்த கூரியர் தம்பி சொல்லித்தான் தெரிந்தது.

உத்திரத்துக் கறையானுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிக்கலாமா: அடிக்கலாம், நல்லது. ஆனால் அது தோலில் பட்டால் கொப்புளம் போடும். முழங்கைவரை மூடிக்கொள்ளுங்கள். எனக்குக் கழுத்தில் சொட்டியது. ஒரு வாரம் கழுத்தைத் திருப்பாமல் கல்யாண வீட்டுக்குப் போய், கர்வம் வந்துவிட்டதாகப் பெயர் வாங்கினேன்.

8 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் மழை இங்கேயும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. விடிந்தும் விடியாததுமாக டார்ச் எடுத்துக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்தேன். இரண்டடி ஒரு அங்குலம். இந்த மழையிலும் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது.

மல்லிக்குக் கவாத்து காலமும் வந்துவிட்டது. வெட்டுவதற்கு முன், தாழ்ந்த கிளைகளில் ஐந்தை வளைத்து, கணுவுக்குக் கீழே லேசாகச் சீவி, மண் தொட்டிகளில் புதைத்துக் கல் வைத்துவிட்டேன். பதியன் பிடித்தால் கிணற்றடிக்குப் போகும். அம்மா தினமும் இரண்டு முறை போய்ப் பார்க்கிறார். அவர் பார்ப்பது கிளையை இல்லை, நான் வெட்டிவிட்டேனா என்பதை.

16 மார்ச் 2025

ஐந்தில் மூன்று பிடித்தது. கிணற்றடியில் நட்டாகிவிட்டது, குளிக்கிற தண்ணீர் அங்கேதான் போகிறது, தனியாக ஊற்ற வேண்டாம். பழைய பாத்தியைப் பிரித்து மண்ணை வாழைக்கு அணைத்தேன். சுவரின் வெளிப்பக்கம் கை வைத்தால் இன்னும் லேசாகச் சில்லென்கிறது. உள்ளே கோடு ஓரடி ஏழு அங்குலம். அம்மா முதல் மொட்டைப் பறித்துச் சாமிக்கு வைத்துவிட்டு, 'கிணத்தடியில வச்சதுதான் வாசனை' என்றார். ஒன்பது மாத யுத்தம் ஒரு வரியில் முடிந்தது.

30 மார்ச் 2025

முதலில் கேள்வி கேட்டவர் ஒன்றரை வருடம் கழித்து வந்திருக்கிறார். நான் சொல்லியும் அந்தத் தீபாவளிக்குப் பெயின்ட் அடித்துவிட்டாராம். இப்போது நாலரையடியில் உதிர்கிறதாம். சுவரின் வெளிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடச் சொன்னேன், போட்டிருக்கிறார்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு சுவராக, சோப்பு நுரை காயாமல் ஒரு துவைக்கிற கல்.